இரண்டு அடுப்பும் ஏழு சட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்க நெருங்க, "இந்த வருஷம் கேட்டரிங்கில் சொல்லிவிடலாம், வீட்டில் சமைக்கத் தெம்பில்லை" என்ற பேச்சு தோட்டப்புற வீடுகளில்கூடக் கேட்கிறது. சொல்கிறவர்கள் மேல் தப்பில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்படிக்குள் போகிற அம்மா, எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு மறுபடியும் அங்கேதான் நிற்கிறார். விருந்தாளிகள் எழுந்து போன பிறகுதான் தட்டை எடுக்கிறார். அப்போது மசாலையில் வற்றப் புரட்டிய ஆட்டிறைச்சிப் பெரட்டலில் எலும்புதான் மிஞ்சியிருக்கும். இதை மாற்ற முடியும் என்று உறுதியாகச் சொல்கிறோம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோயில் அன்னதானத்துக்கும் கல்யாணப் பந்திக்கும் கரண்டி பிடித்துப் பழகியவர்கள் நாங்கள். பெரிய பந்திக்குப் போடும் கணக்கை 40 பேர் வந்துபோகும் வீட்டு உபசரிப்புக்கும் போட்டால் போதும்.

பலரும் என்னென்ன சமைப்பது என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். நாங்கள் அடுப்பிலிருந்து தொடங்குவோம். நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இருப்பது இரட்டை அடுப்பு. அன்றைக்கு ஏற வேண்டிய சட்டிகள் ஏழு. ஆட்டிறைச்சிப் பெரட்டல் அடுப்பில் இருக்கும் நேரம் இரண்டரை மணி, கோழிக் கறி ஒன்றரை, பருப்பு ஒன்று, சோறு இரண்டு, காலைப் பசியாற இட்லி ஒன்றரை, காய்கறிக்கு முக்கால், பாயசத்துக்கு முக்கால். கூட்டினால் பத்து மணி நேரம். இரண்டு அடுப்பும் ஒரு நிமிடம்கூடச் சும்மா இல்லாமல் எரிந்தாலும் ஐந்து மணி நேரம் வேண்டும். நடுவில் குளியல், சாமி கும்பிடுவது, கோயில் எல்லாம் உண்டு. மூன்று மணிக்கு எழுந்தாலும் ஏன் முடியவில்லை என்பது இந்தக் கூட்டலிலேயே தெரிந்துவிடும். ஆறு மணி நேர வேலையை முந்தைய நாள்களுக்கும் ரைஸ் குக்கருக்கும் தள்ளிவிட்டால், அன்று காலை நிற்பது நான்கு மணி நேர வேலை. இரண்டு அடுப்பில் அது இரண்டு மணி நேரம்தான். எதைத் தள்ளலாம், எதைத் தள்ளக்கூடாது என்பதில்தான் சமையல் அறிவு இருக்கிறது.

அதற்கு முன் ஆள் கணக்கு. "எப்ப வேணும்னாலும் வாங்க" என்று அழைக்கிற வீட்டில் அடுப்பு இரவு ஒன்பது வரை அணையாது. காலை உறவினர், 12 முதல் 3 வரை வேலையிட நண்பர்களும் அக்கம்பக்கமும், 4 முதல் 6 வரை பிள்ளைகளின் பள்ளித் தோழர்கள் என்று மூன்றாகப் பிரித்து, முடியும் நேரத்தையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. உபசரிப்பை அடுத்த வார இறுதிக்குத் தள்ளிவைக்க நினைப்பவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். கந்த சஷ்டி விரதம் ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஆறு நாள் நடக்கும். அடுத்த சனி, ஞாயிறு பெரும்பாலும் அதற்குள்தான் விழும். அன்று சைவ விருந்தாக வையுங்கள், அல்லது இன்னொரு வாரம் தள்ளுங்கள்.

செம்பனைத் தோட்டத்தில் உடன் வேலை செய்கிற மலாய், இந்தோனேசிய, வங்காளதேச நண்பர்களை அழைக்கும் வீடுகளில் கோழியும் ஆடும் மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் ஹலால் முத்திரையுள்ள இடத்தில் வாங்க வேண்டும். காட்டுப்பன்றிக் கறி சமைக்கும் பழக்கமுள்ள வீடாக இருந்தால், இந்த விருந்துக்கென்று வேறு சட்டியும் கரண்டியும் எடுத்து வைத்து, அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. வாழை இலையில் பரிமாறினால் தட்டைப் பற்றிய தயக்கமும் இருக்காது.

40 பேருக்கு, ஆடும் கோழியும் இரண்டும் இருக்கும்போது, எலும்போடு ஆட்டிறைச்சி 6 கிலோ, அதாவது தலைக்கு 150 கிராம். கோழி ஐந்து, 1.8 கிலோ கோழியைப் பன்னிரண்டு துண்டாக வெட்டினால் 60 துண்டு. பாசுமதி அரிசி 4 கிலோ. பருப்பு 1 கிலோ. முட்டைக்கோசோ பீன்சோ 3 கிலோ. இதற்கு மேல் வாங்குவது பாசமாகத் தோன்றும். ஆனால் அதைக் கெடாமல் வைக்க ஐஸ் பெட்டியில் இடம் இருக்காது.

அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலைச் சாமான்களை மூன்று வாரத்துக்கு முன்பே வாங்கிவிடலாம். கறித்தூளை மில்லில் கொடுத்து அரைப்பவர்கள் கடைசி வாரம் போனால் வரிசையில்தான் நிற்க வேண்டும். தேங்காய், தக்காளி, சின்ன வெங்காயம் போன்றவற்றுக்குக் கொஞ்சம் பொறுக்கலாம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு தீபாவளியை ஒட்டி அதிகபட்ச விலைத் திட்டம் அறிவிக்கும். அந்தப் பட்டியலில் உள்ள பொருளுக்குக் கடைக்காரர் இளஞ்சிவப்பு விலைச்சீட்டு வைக்க வேண்டும். சீட்டைப் பார்த்து வாங்குங்கள். 14 கிலோ கேஸ் தோங்கு (சிலிண்டர்) ஒன்று நிறைந்ததாகக் கூடுதலாக இருக்கட்டும். பெருநாளன்று கேஸ் லாரி வராது. ஒரு வாரத்துக்கு முன் ஐஸ் பெட்டியைக் காலிசெய்யத் தொடங்குங்கள். பாதிப் போத்தல் சாஸ், மூன்று மாதத்து மீன் பொட்டலம் எல்லாம் போகட்டும்.

இனி பெரட்டல். முன்கூட்டியே செய்து வைத்தால் சுவை கூடுவது இது ஒன்றுதான், அதனால் ஐந்து நாளுக்கு முன் இதை முடித்துவிட வேண்டும். உறைந்த ஆஸ்திரேலிய ஆட்டிறைச்சி வாங்குபவர்கள் அதைச் சிங்கில் இரவு முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். நம் ஊர் வெக்கையில் மேல் கறி கெடத் தொடங்கும்போதும் நடுவில் இன்னும் ஐஸாகவே இருக்கும். 2 கிலோக் கட்டி ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் இளக ஒரு முழு நாள் வேண்டும். கீழே தட்டு வைக்காவிட்டால் அதன் நீர் காய்கறி மேல் சொட்டும். பாதி இளகியதை அடுப்பில் ஏற்றினால் சட்டி முழுக்கத் தண்ணீர் விட்டு, கறி வெந்து கலைந்த பிறகும் குழம்பு வற்றாது.

6 லிட்டர் பிரஷர் குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. ஆகவே 6 கிலோவை மூன்று தடவையாக, மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது சேர்த்து, ஒரு கோப்பைத் தண்ணீர் மட்டும் விட்டு, 25 நிமிடம் வேக வையுங்கள். கறியை வடித்தெடுத்து, சாற்றைத் தனியே வையுங்கள். இந்தப் பிரிப்பில்தான் பலர் தவறுகிறார்கள். கறியும் சாறும் ஒன்றாகவே கிடந்து வற்றட்டும் என்று விட்டால், சாறு வற்றும் முக்கால் மணி நேரத்தில் கறி எலும்பை விட்டுக் கழன்று நார்நாராகிவிடும். அகலமான வாணலியில் ஒன்றரை கிலோ சின்ன வெங்காயம், பட்டை, அன்னாசிப்பூ, சோம்பு, அரை கிலோ தக்காளி வதக்கி, கறி கிலோவுக்கு 30 கிராம் கணக்கில் கறித்தூள் போட்டு, அந்தச் சாற்றை ஊற்றி அதை மட்டும் வற்ற விடுங்கள். எண்ணெய் ஓரமாகப் பிரியும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால், அந்தத் தடம் உடனே மூடாமல் வாணலியின் அடி ஒரு கணம் தெரியும். அப்போது கறியைப் போட்டு, பத்து நிமிடம் மெதுவாகப் புரட்டினால் மசாலை பிடித்துக்கொள்ளும். உருளைக்கிழங்கும் சாந்தானும் (தேங்காய்ப்பால்) இதில் சேரக்கூடாது. உறைந்து இளகிய உருளைக்கிழங்கு பஞ்சு போலாகும், சாந்தான் திரிந்துவிடும். மிளகுத்தூளும் கறிவேப்பிலையும் தீபாவளியன்று சூடாக்கும்போது போட்டால் அப்போதுதான் இறக்கியது போல வாசம் வரும்.

ஆறவைப்பதைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விருந்துக்குப் பிறகு வயிற்றுப்போக்கு என்று கிளினிக்கில் போய் நிற்பதற்கு மசாலையைவிட இதுவே காரணம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் பெருகும். கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. பெரிய குண்டானில் மூடி வைத்த கறியின் மேற்பரப்பு ஆறிவிட்டாலும், நடுப்பகுதி அந்த இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடக்கும். வித்துகள் விழித்துப் பெருக அது போதும். காலையில் மூடியைத் திறந்ததும் ஓரத்தில் நுரைக்குமிழ் கட்டி, புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுகிறோம். ஆனால் இந்தக் கிருமி வாடையோ நுரையோ காட்டாமலும் இருக்கும். ஆகவே கறியை இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் தட்டையான ஏனங்களில் பிரித்து, சிங்கில் தண்ணீரும் ஐஸும் நிரப்பி அதில் உட்காரவைத்துக் கிளறிவிடுங்கள். அரை மணியில் ஆறிவிடும். பிறகு கிலோ கிலோவாகத் தட்டையான பையில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். தீபாவளிக்கு முந்தைய நாள் காலையில் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் மறுநாள் இளகியிருக்கும். சூடாக்கும்போது ஓரம் கொதித்தால் போதாது, நடுவிலும் ஆவி பறக்க வேண்டும்.

இஞ்சி பூண்டு விழுதிலும் ஒரு எச்சரிக்கை. எண்ணெய் ஊற்றி வைத்தால் கெடாது என்று நம்பிச் சமையல் மேடையிலேயே வைக்கிறார்கள். எண்ணெய்க்கு அடியில் காற்றில்லாத பூண்டில் போட்டுலிசம் நோயைத் தரும் நஞ்சு உருவாகலாம். ஐஸ் பெட்டியில் நான்கு நாள். அதற்கு மேல் என்றால் ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

தீபாவளிக்கு முந்தைய நாளைத் திட்டமிடும்போது எல்லாரும் மறப்பது முன்னோர் படையலை. அன்று சாயங்காலம் நான்கு மணியிலிருந்து எட்டு மணி வரை அடுப்பு பெரியவர்களுக்குச் சொந்தம். தாத்தாவுக்குப் பிடித்த கருவாடு, பாட்டிக்குப் பிடித்த புளிக்குழம்பு என்று ஒவ்வொன்றும் ஏறும். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குவதும் அந்நேரம்தான். அந்த இரவில் கோழிக் கறியையும் வைக்கப் போனால் பன்னிரண்டு மணிக்கு முன் படுக்க முடியாது. எனவே கோழிக்கான மசாலையை அதற்கும் முந்தைய நாளே வதக்கி, ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள். கோழியை மட்டும் தீபாவளியன்று காலையில் புதிதாகப் போடுங்கள். முந்தைய நாளே வெந்த கோழி, மறுபடி சூடுபட்டதும் பிய்ந்து போகும்.

ஒரு கோழிக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பழகிய கை ஐந்து கோழிக்கு ஐந்து கோப்பை ஊற்றும். அது தப்பு, மூன்று கோப்பை போதும். பெரிய சட்டியில் கறியின் அளவு பெருகும் விகிதத்தில் ஆவி போகும் பரப்பு பெருகுவதில்லை. கோழியும் தானாகவே தண்ணீர் விடும். உப்பையும் முக்கால் பங்கு போட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சேருங்கள். 9 கிலோ கோழியை ஒரே சட்டியில் திணித்தால் அடியில் இருப்பது குழையும், மேலே இருப்பது வேகாது. இரண்டு சட்டியாகப் பிரியுங்கள். சாந்தான் கடைசிப் பத்து நிமிடத்தில்தான், அதுவும் சின்னத் தீயில். பிழிந்த சாந்தானை வாங்கிச் சமையல் மேடையில் வைத்திருந்தால் மதியத்துக்குள் புளிக்கும். ஐஸ் பெட்டியில் இடமில்லாதவர்களுக்குத் திறக்காத பெட்டிச் சாந்தான் நல்லது.

இட்லி மாவு நம் ஊரில் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். சாயங்காலம் நான்கு மணிக்கு அரைத்து வைத்தால் நள்ளிரவில் வழிந்து, விடியும்போது புளித்திருக்கும். ஒன்றரை கிலோ இட்லி அரிசிக்கு 375 கிராம் உளுந்து, இரவு பத்து மணிக்கு அரைத்துப் பாதிப் பாத்திரம் வரைதான் ஊற்றுங்கள். 80லிருந்து 90 இட்லி வரும். பத்து மணி வரை விழித்திருக்க முடியாதவர்கள் காலையிலேயே அரைத்து, பொங்கியதும் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டால் புளிப்பு நின்றுவிடும்.

சோற்றை அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். 1.8 லிட்டர் ரைஸ் குக்கரில் பத்துக் கோப்பை, அதாவது ஒன்றரை கிலோ வேகும். நெய்ச்சோற்றுக்கான தாளிப்பை, நெய், வெங்காயம், பட்டை, ஏலம், கிராம்பு, பாண்டான் இலை எல்லாம் சேர்த்து முந்தைய நாளே வதக்கி மூன்று கிண்ணமாக மூடி வைத்தால், ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு கிண்ணம் கொட்டிப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். அரை மணி ஊறிய பாசுமதிக்கு ஒன்றுக்கு ஒன்றேகால் தண்ணீர். 11 மணிக்கு ஒரு ஈடு, 12.30க்கு ஒன்று, மூன்றாவது ஆள் வரவைப் பார்த்து. மூன்று ஈட்டையும் காலையிலேயே வைத்து அண்டாவில் குவிப்பவர்கள் உண்டு. அறைச்சூட்டில் நெடுநேரம் கிடக்கும் சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி விடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. பக்கத்து வீட்டுக் குக்கரையும் இரவல் வாங்கினால், இரண்டு குக்கரோடு மின்கெட்டிலையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் மாட்டாதீர்கள். 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறத்தாழ 3,000 வாட். இந்த மூன்றும் சேர்ந்தால் அதைத் தாண்டும்.

பருப்பை முந்தைய நாள் வேகவைத்து, காலையில் தாளியுங்கள். இரவில் இறுகியிருக்கும், வெந்நீர் விட்டு இளக்குங்கள். அடி பிடித்தால் சுரண்டாமல் வேறு சட்டிக்கு மாற்றிவிடுங்கள். சேமியாப் பாயசம் இறுகும், ஆகவே அரை லிட்டர் பால் தனியே இருக்கட்டும். அப்பளத்தை முந்தைய நாளே பொரித்து, நன்றாக ஆறிய பின் காற்றுப்புகாத தகரத்தில் போட்டால் மொறுமொறுப்புப் போகாது. முறுக்கும் அதிரசமும் பத்து நாளுக்கு முந்தைய வேலை, அதை விருந்துக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வாழை இலையைத் தோட்டத்திலிருந்து முந்தைய நாள் வெட்டி, துடைத்து, அடுப்புச் சூட்டில் லேசாக வாட்டி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும். சைவக்காரர்களுக்கு என்று வைத்த பருப்பிலும் காய்கறியிலும் தனிக் கரண்டி கிடக்க வேண்டும். ஒரு கரண்டி சுற்றி வந்தாலே அந்தச் சட்டி அவர்களுக்கு ஆகாமல் போய்விடும். குடிக்கும் தண்ணீரில் போடும் ஐஸை, டின் பானங்களைப் புதைத்து வைத்த ஐஸ் வாளியிலிருந்து அள்ளாதீர்கள்.

வேலையை ஆள் பெயர் போட்டுத் தாளில் எழுதி ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். "எல்லாரும் கொஞ்சம் உதவி செய்யுங்க" என்றால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ரைஸ் குக்கர் முழுப் பொறுப்பும் பெரிய பையனுக்கு, ஐஸும் பானமும் மாமாவுக்கு, குப்பைப் பை மாற்றுவது இன்னாருக்கு என்று இருக்க வேண்டும். அப்பாவுக்கு ஆட்டிறைச்சி சூடாக்கும் வாணலி. தடம் மூடாமல் நிற்கும் பக்குவத்தை ஒருமுறை காட்டினால் ஆண்களும் பிடித்துக்கொள்வார்கள். 12 மணிப் பந்திக்கு முன், 11.15க்குச் சமைத்தவர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதையும் அந்தத் தாளில் நேரம் போட்டு எழுதுங்கள்.

மேசையில் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொட்டாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்து, மிச்சம் சூட்டில் இருக்கட்டும். மேசைக்கு வந்து இரண்டு மணி நேரம் தாண்டிய கறியைக் கட்டிக்கொடுக்கவும் வேண்டாம், ஐஸ் பெட்டிக்கும் வேண்டாம். கட்டிக்கொடுக்க நினைப்பதைப் பந்தி தொடங்கும் முன்பே டப்பாவில் போட்டு ஆறவைத்துக் குளிரில் வையுங்கள். இரவு தூங்கப் போகும் முன் எது மிஞ்சியது, எது பற்றாமல் போனது, எத்தனை பேர் வந்தார்கள் என்ற மூன்றையும் அதே தாளில் எழுதி மசாலைத் தகரத்துக்குள் போட்டு வையுங்கள். அடுத்த ஐப்பசியில் தகரத்தைத் திறக்கும்போது கைக்குக் கிடைக்கும்.

இப்படிக்கு,
தோட்டப்புற வாசகர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.